டெல்டா ஈரத்தில் ஒரு ரெசின் எம்டன்: கோளாறைப் பார்த்துக் காரணம் தேடும் வழி

1/700 அளவில், அதாவது நிஜத்தில் 700இல் ஒரு பங்காக, ரெசின் என்னும் வார்ப்புப் பிசினில் கட்டும் எம்டன் கப்பல் மாடல் ஒரு சாணுக்கும் குறைவு. 118.3 மீட்டர் நீளமும் 13.5 மீட்டர் அகலமும் கொண்ட நிஜக் கப்பல், இந்த அளவில் 169 மில்லிமீட்டர் நீளம், 19 மில்லிமீட்டர் அகலம் என்று சுருங்கிவிடுகிறது. 1914 செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்துக்கு எதிரே வந்து நின்று, பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டுக் கொளுத்திய அதே ஜெர்மன் குரூசர், அதாவது வேகமான போர்க்கப்பல்தான். இங்கே சொல்வது இந்தக் கப்பலை வைத்து என்றாலும், அந்தக் காலத்துக் குரூசர் எதற்கும் பொருந்தும்.

ரெசின் மாடலில் கோளாறு கண்ணில் படும் இடம் ஒன்று, பிறந்த இடம் வேறு. பெயிண்ட் உரிந்தால் பெயிண்டைத் திட்டுவோம். தப்பு பல நாள் முன்பு கழுவியதில் இருக்கும். அதோடு, பெட்டிக்குள் வரும் செய்முறைத் தாள் நம் ஐப்பசி அடைமழையையோ அக்னி நட்சத்திரத்தையோ நினைத்து எழுதியது இல்லை. கும்பகோணத்திலோ மன்னார்குடியிலோ உட்கார்ந்து கட்டுகிறவர் ஒரு கோளாறைக் கண்டதும் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டியது, இது எந்த மாதம் என்பதைத்தான்.

உடல் நெளிந்திருக்கிறது, தரையில் ஒட்டி உட்காரவில்லை

சமதளக் கண்ணாடியில் வைத்து முனையைத் தட்டிப் பாருங்கள். மறுமுனை எழும்பினால் நெளிவுதான். நீர்மட்டத்தோடு வெட்டிய உடல் மெல்லியது என்பதால் சில நேரம் அப்பளம் மாதிரியே வளைந்து வரும். வெயில் ஏறிய கூரியர் வண்டியில் கிடந்தாலும் இப்படி ஆகும்.

தண்ணீரைக் கொதிக்க வைத்து இறக்கி, சில நிமிடம் ஆற விடுங்கள். 60 முதல் 70 டிகிரி போதும். கொதிக்கும் தண்ணீர் வேண்டாம், மெல்லிய தட்டுகளெல்லாம் துவண்டுவிடும். உடலை ஒன்றிரண்டு நிமிடம் அதில் போட்டு எடுத்து, சமையலறை கிரானைட் மேடையில் கவிழ்க்காமல் நேராக வைத்து, விரலால் சமமாக அழுத்துங்கள். அழுத்திய கையை எடுக்காமலே குளிர்ந்த தண்ணீர் ஊற்ற வேண்டும். சூட்டோடு விட்டுவிட்டால் பழைய நெளிவு திரும்பிவிடும். ஒரே தடவையில் சரியாகாவிட்டால் இன்னொரு தடவை. முறுக்கு இருந்தால், அதாவது முன்முனை ஒரு பக்கமும் பின்முனை மறுபக்கமும் சாய்ந்திருந்தால், பலகையில் அழுத்துவது பயன்படாது. சூடாக இருக்கும்போதே இரண்டு கையால் எதிர்ப்பக்கமாக மெல்லத் திருக வேண்டும்.

மிச்சமிருக்கும் மேடுபள்ளத்துக்கு, கண்ணாடி மேல் 320 எண் வாட்டர் பேப்பரை ஒட்டி, தண்ணீர் விட்டுத் தேயுங்கள். ரெசினை உலர் தேய்ப்பாகத் தேய்க்கவே கூடாது. அந்தத் தூள் நுரையீரலுக்கு ஆகாது. ரம்பத்தால் அறுக்கும்போது முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள். மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து அறுத்தால் தூள் வீடு முழுக்கப் போகும், சோற்றுப் பானை வரைக்கும்.

நீளம் அளந்தால் குறைகிறது

167, 168 மில்லிமீட்டர் வருகிறதா? விடுங்கள். ரெசின் இறுகும்போது கொஞ்சம் சுருங்கும். அளவுகோல் வைத்துப் பார்க்கும் விருந்தாளி யாரும் வரப்போவதில்லை.

தொட்டால் பிசுபிசுக்கிறது

இதில் இரண்டு வகை உண்டு. குழப்பிக்கொண்டால் மருந்து மாறிவிடும்.

உடல் முழுக்க லேசான எண்ணெய்ப்பசை என்றால், அது அச்சிலிருந்து எளிதாகக் கழற்றத் தடவிய பூச்சு. கழுவினால் போய்விடும். ஒரு இடத்தில் மட்டும் பிசின் போல ஒட்டி, நகத்தால் அழுத்தினால் பள்ளம் விழுந்தால், அங்கே ரெசின் சரியாகக் கலக்கப்படவில்லை. எத்தனை வெயில் காட்டினாலும் அது இறுகாது. மேலே பிரைமர் என்னும் அடிப்பூச்சு அடித்து மூடினால் சில மாதத்தில் பெயிண்டைத் துளைத்துக்கொண்டு வெளியே வரும். அந்தப் பகுதியைச் சுரண்டி எடுத்துவிட்டு எபாக்ஸி பட்டி வைத்து நிரப்ப வேண்டும். சின்ன பாகம் என்றால் வேறு பாகம் கேளுங்கள்.

இப்போது வரும் பெட்டிகள் பலவற்றில் வார்த்த ரெசினுக்குப் பதிலாக முப்பரிமாண பிரிண்டரில் எடுத்த ரெசின்தான் இருக்கிறது. அது ஒளியில் இறுகும் வேறு சரக்கு. அதில் பிசுபிசுப்பு இருந்தால் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் கழுவி, நன்றாக உலர்ந்த பிறகு மாடி வெயிலில் திருப்பித் திருப்பி வைக்கலாம். தஞ்சாவூர் வெயிலுக்கு வெகுநேரம் தேவையில்லை. அதிகம் காய்ந்தால் நொறுங்கும் பதத்துக்கு வந்துவிடும். உடல் உள்ளே கூடாக இருந்து வடிதுளை இல்லாமலிருந்தால், உள்ளே தேங்கிய திரவ ரெசின் பின்னாளில் கப்பல் உடலை விரிசல் விட வைக்கும். அடியில் இரண்டு துளை போட்டுக் கழுவிவிடுங்கள்.

மாஸ்கிங் டேப்பை எடுத்தால் பெயிண்டும் கூடவே வருகிறது

வேறு நிறம் படாமல் மறைக்க ஒட்டும் டேப்போடு பெயிண்டும் உரிவதுதான் அதிகமாகக் கேட்கும் புலம்பல். பெயிண்ட் பிராண்டை மாற்றிப் பயனில்லை. உரிந்த இடத்தைப் பாருங்கள். அடியில் வெறும் ரெசின் பளபளவென்று தெரிந்தால் பிரைமரே பிடிக்கவில்லை, அதாவது கழுவியது போதவில்லை. பிரைமர் அப்படியே இருந்து மேல்பூச்சு மட்டும் வந்தால், பூச்சுக்குப் பூச்சு காய விடவில்லை. மழைக்காலத்தில் அக்ரிலிக் பெயிண்ட் தொட்டால் காய்ந்தது போலத்தான் இருக்கும். உள்ளே இறுக நாளாகும்.

கழுவும் முறை: வெதுவெதுப்பான தண்ணீர், பாத்திரம் துலக்கும் திரவ சோப்பு, பழைய மென்மையான டூத்பிரஷ். புகைபோக்கி, படகு, பீரங்கி எல்லாவற்றையும், அவை ஒட்டிக்கொண்டு வரும் வார்ப்புக் கட்டையிலிருந்து அறுக்கும் முன்பே சேர்த்துக் கழுவிவிட வேண்டும். தனியே அறுத்த பிறகு கழுவினால் பாதி பாகம் சிங்க் குழிக்குள் போய்விடும். வலைவடிகட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

டெல்டாவில் இதில் ஒரு சிக்கல் உண்டு. கடலோரமாக நாகப்பட்டினம், வேதாரண்யம், தரங்கம்பாடிப் பக்கம் போர்வெல் தண்ணீர் பல இடங்களில் உப்பு. அதில் அலசி உலர விட்டால் மெல்லிய வெள்ளை உப்புப் படலம் தங்கும். அந்தப் படலத்தின் மேல் அடித்த பிரைமரும் உரியும். கடைசி அலசலை மட்டும் கேன் தண்ணீரில் செய்யுங்கள். ஒரு செம்பு போதும்.

ஏற்கெனவே அடித்தாயிற்று, உரிந்தும் விட்டது என்றால் ஒட்டுப்போட வேண்டாம். எல்லாவற்றையும் கரைத்து எடுத்துவிட்டு முதலிலிருந்து தொடங்குவதுதான் வேலை குறைவு.

குண்டூசித் துளைகள்

வார்க்கும்போது சிக்கிய காற்றுக்குமிழ்கள் இவை. பிரைமர் அடிக்கும் வரை கண்ணுக்குத் தெரியாது. அடித்ததும் கப்பல் பக்கவாட்டில் வரிசையாகத் தெரியும். சூப்பர் க்ளூ ஒரு சொட்டு வைத்து, மேலே ஆப்ப சோடா தூவினால் அந்த நொடியே இறுகிவிடும். உடனே தேய்த்துவிட வேண்டும். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் அது ரெசினை விடக் கெட்டியாகிவிடும். அப்புறம் தேய்க்கத் தேய்க்கச் சுற்றியுள்ள ரெசின்தான் தேயும். சோடாவுக்குப் பதில் முகப்பவுடர் கலந்தால் கொஞ்சம் மெதுவாக இறுகும், தேய்ப்பதும் சுலபம். எனக்கு அதுதான் பிடிக்கும், வேலை செய்யும் இடமும் வாசமாக இருக்கும்.

பட்டியை அள்ளிப் பூசாதீர்கள். இந்த அளவில் 0.1 மில்லிமீட்டர் கனம் என்பது நிஜக் கப்பலில் 7 சென்டிமீட்டர். கப்பலின் சன்னல்கள் பாதி மூடிப்போகும்.

ஒட்டிய இடத்தைச் சுற்றி வெண்புகை படிந்திருக்கிறது

சூப்பர் க்ளூ காற்றிலுள்ள ஈரத்தால்தான் இறுகுகிறது. ஈரம் மிகுந்து காற்று அசையாத அறையில், பசையின் ஆவி மேலெழுந்து பக்கத்திலேயே வெள்ளைப் பொடியாகப் படியும். சன்னலைச் சாத்திக்கொண்டு கார்த்திகை மாதம் வேலை செய்தால் வரத்தான் செய்யும். பசையைக் குறையுங்கள். குழாயிலிருந்து நேராக வைக்காமல், பழைய பிளாஸ்டிக் மூடியில் ஒரு சொட்டு விட்டு ஊசிமுனையால் தொட்டு வையுங்கள். ஒட்டி முடித்ததும் மின்விசிறியை மெல்ல ஓட விடுங்கள். படிந்ததைப் பெயிண்டுக்கு முன் என்றால் தேய்த்து எடுக்கலாம். பெயிண்டுக்குப் பின் என்றால் வார்னிஷ் பூச்சு ஒன்று மறைத்துவிடும்.

பாட்டிலுக்குள்ளேயே கெட்டியாகிவிடுகிறது என்றால் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடிய டப்பாவில் ஃபிரிட்ஜில் வையுங்கள். எடுத்த உடனே திறக்காதீர்கள். அறைச் சூட்டுக்கு வந்த பிறகு திறக்க வேண்டும், இல்லாவிட்டால் உள்ளேயே நீர் வேர்த்துவிடும்.

ஒட்டிய பாகம் சுண்டினால் கழன்று வருகிறதா? பிளாஸ்டிக் மாடலுக்கான சிமென்ட் பசையைப் போட்டிருப்பீர்கள். அது பிளாஸ்டிக்கைக் கரைத்து ஒட்டுவது, ரெசினைத் தொடாது. சின்ன பாகத்துக்கு ஃபெவிக்விக் வகை, மேலுடல் கீழுடல் போன்ற பெரிய இணைப்புக்கு அரால்டைட் போன்ற இரண்டு டியூப் எபாக்ஸி. அவ்வளவுதான்.

உடைந்த பாகத்துக்கு நானே மாற்று வார்த்தேன், பஞ்சு போலப் பொங்கிவிட்டது

எம்டனில் ஒரே உருவப் பாகங்கள் நிறைய. படகுகள், காற்றுக்குழாய்கள், பீரங்கிக் கேடயங்கள். ஒன்று தொலைந்தால் மற்றொன்றை வைத்து சிலிக்கான் அச்சு எடுத்து வார்த்துக்கொள்ளலாம் என்று தோன்றும். நல்ல யோசனைதான். ஆனால் பாலியூரிதேன் ரெசினின் ஒரு பாகத்தில் ஐசோசயனேட் இருக்கிறது. தண்ணீரைக் கண்டால் அது கார்பன் டை ஆக்சைடை வெளியிடும். அந்த வாயுதான் உங்கள் படகைப் பொங்க வைத்தது. அச்சில் ஈரம், கலக்கும் குச்சியில் ஈரம், போன மாதம் திறந்து சரியாக மூடாத டப்பா, மூன்றில் ஒன்று காரணமாக இருக்கும். மரக்குச்சி ஈரத்தை உறிஞ்சி வைத்திருக்கும். பிளாஸ்டிக் குச்சிக்கு மாறுங்கள்.

ஈரத்தோடு மல்லுக்கட்டி வார்க்கும் தொழில் நம் ஊருக்குப் புதிதில்லை. சுவாமிமலையில் ஸ்தபதிகள் மெழுகு உருவத்தைக் காவிரி வண்டல் மண்ணால் போர்த்தி, நிழலில் காய விட்டு, பிறகு அச்சைச் சூடாக்கி மெழுகை உருக்கி வெளியேற்றிவிட்டுத்தான் ஐம்பொன்னை ஊற்றுகிறார்கள். அச்சில் ஈரம் தங்கினால் உருகிய உலோகம் கொப்பளித்துச் சிதறும். வேதியியல் வேறு என்றாலும் ஒழுங்கு ஒன்றுதான்: அச்சு முதலில் காய வேண்டும். சிலிக்கான் அச்சை ஒரு மணி நேரம் வெயிலில் வைத்து, லேசாகச் சூடாக இருக்கும்போதே ஊற்றுங்கள். சூடான அச்சில் ரெசின் வேகமாக இறுகும் என்பதால் கலந்ததும் கை தாமதிக்கக் கூடாது. ஐப்பசி, கார்த்திகையில் இந்த வேலையைத் தொடாமல் இருப்பது நல்லது. டப்பாவைத் திறந்த நாளே ஆயுள் குறையத் தொடங்குகிறது, அதனால் சின்ன டப்பாவாக வாங்குங்கள்.

காற்றோட்டமான இடத்தில், கையுறையோடுதான் இதைச் செய்ய வேண்டும். சமையலறையில் வேண்டவே வேண்டாம்.

ஸ்பிரே அடித்ததும் சாம்பல் நிறம் வெளுத்துப் பால்போல ஆகிவிட்டது

லாக்கர் பெயிண்டில் உள்ள கரைப்பான் வேகமாக ஆவியாகும்போது மேற்பரப்பைக் குளிர வைக்கிறது. காற்று ஈரமாக இருந்தால் அந்தக் குளிர்ந்த பரப்பில் நீர் படிந்து பெயிண்டுக்குள் சிக்கிக்கொள்கிறது. பெயிண்ட் கெட்டுப்போகவில்லை. நல்ல வெயில் வந்த நாளில், மெதுவாக ஆவியாகும் ரிடார்டர் தின்னரை மட்டும் ஏர்பிரஷ்ஷில் போட்டு மெல்லிய பனியாக ஒரு தடவை அடியுங்கள். பூச்சு இளகி, நீர் வெளியேறி, நிறம் திரும்பும். டிங்கரிங் பட்டறைகளில் கார் பெயிண்ட் அடிப்பவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். ரிடார்டர் எந்தக் கடையில் கிடைக்கும் என்று அவர்களைக் கேளுங்கள்.

ஏர்பிரஷ்ஷிலிருந்து பெயிண்டுக்கு நடுவே தண்ணீர்த் துளி தெறிக்கிறது என்றால் கம்பிரஸர் தொட்டியில் நீர் சேர்ந்திருக்கிறது. மழைக்காலத்தில் தினமும் வடித்துவிட்டு, குழாயில் நீர்ப்பிடிப்பான் பொருத்துங்கள்.

நேர்மாறான கோளாறு சித்திரையில் வரும். பரப்பு உப்புத்தாள் போலச் சொரசொரப்பாகும். துளிகள் கப்பலைச் சேரும் முன்பே காற்றில் காய்ந்துவிடுவதுதான் காரணம். கொஞ்சம் தின்னர் கூட்டி, கிட்டத்தில் பிடித்து, காலை நேரத்தில் அடியுங்கள். என்னைக் கேட்டால் ஸ்பிரே வேலைக்குத் தை, மாசிதான். மார்கழி அதிகாலைப் பனியில் கம்பிரஸரை எடுக்க வேண்டாம்.

நிறத்தைப் பற்றி ஒன்று. ஜெர்மன் கடற்படையின் கிழக்காசியப் பிரிவில் இருந்தபோது எம்டன் வெள்ளை உடலும் மஞ்சள் கலந்த புகைபோக்கியுமாக இருந்தது. போர் வந்ததும் சாம்பல் பூசிவிட்டார்கள். சென்னைக்கு வந்தது சாம்பல் எம்டன். வெள்ளையில் கட்டிவிட்டு அடியில் "1914 சென்னை" என்று எழுதினால் அதை எந்தத் தின்னரும் சரிசெய்யாது. சாம்பல் டப்பாவிலிருந்து அப்படியே அடித்தால் சின்ன மாடலில் கருத்துத் தெரியும். கொஞ்சம் வெள்ளை கலந்துகொள்ளுங்கள்.

பீரங்கிக் குழல்கள் வளைந்தும் உடைந்தும் வந்திருக்கின்றன

நிமிர்த்தப் பார்க்காதீர்கள், மாற்றிவிடுங்கள். எம்டனில் 10.5 சென்டிமீட்டர் பீரங்கிகள் பத்து: முன்னே இரண்டு பக்கம் பக்கமாக, நடுவில் பக்கத்துக்கு மூன்று, பின்னே இரண்டு. குழல் நீளம் வாயளவைப் போல 40 மடங்கு, அதாவது 4.2 மீட்டர். 1/700இல் சரியாக 6 மில்லிமீட்டர். இன்சுலின் சிரிஞ்சின் 31 கேஜ் ஊசி கால் மில்லிமீட்டர் தடிமன், வாயில் துளையும் இருக்கும். மருந்துக்கடையில் புதிய சிரிஞ்ச் வாங்குங்கள், பயன்படுத்தியது கூடாது. கட்டரால் வெட்டினால் வாய் நசுங்கும். மெல்லிய அரத்தால் சுற்றிக் கோடு போட்டு ஒடியுங்கள். சாய்வாக வெட்டிய கூர்முனையைக் கேடயத்துக்குள் சொருகிவிட்டால் வெளியே தெரியாது.

பாய்மரக் கம்பங்களும் இப்படித்தான். ரெசின் கம்பம் கோடையில் தானாகவே சாயும், நிமிர்த்தினாலும் அடுத்த மே மாதம் மறுபடி சாயும். 0.5 மில்லிமீட்டர் பித்தளைக் கம்பிக்கு மாறுங்கள்.

கைப்பிடிக் கம்பிகள் ஒட்டவில்லை, ஒட்டினாலும் மழையில் விழுகின்றன

ஃபோட்டோ எட்ச் முறையில், அதாவது தகட்டை ரசாயனத்தால் அரித்து, செய்த பித்தளை வேலிகளின் உயரம் 1/700இல் ஒன்றரை மில்லிமீட்டர்தான். பெயிண்ட் பிடிக்காவிட்டால் மேலே எண்ணெய்ப் பிசுக்கும் களிம்பும் இருக்கிறது. கடற்காற்றில் பித்தளை சீக்கிரம் கறுக்கும். நம் வீட்டில் குத்துவிளக்கை எதால் துலக்குகிறோமோ அதேதான், புளி. நீர்த்த புளிக்கரைசலில் சில நிமிடம் ஊற வைத்து, பிரஷ்ஷால் தேய்க்காமல் நன்றாக அலசினால் போதும். வினிகரும் ஆகும்.

வளைக்கும்போது சுருண்டு துள்ளினால், மெழுகுவர்த்திச் சுடரின் மேல் நொடிப்பொழுது காட்டி எடுங்கள். பித்தளை இளகி, சொன்ன பேச்சு கேட்கும். கைநடுக்கம் உள்ளவர்கள் சூப்பர் க்ளூவை விட்டுவிட்டு நீர்த்த ஃபெவிகாலால் ஒட்டலாம். நகர்த்திச் சரிசெய்ய நேரம் கிடைக்கும். ஆனால் அந்தப் பசை ஈரத்தில் இளகும் குணமுள்ளது. பங்குனியில் உறுதியாக நின்ற வேலி ஐப்பசியில் சரிந்து தொங்குவது அதனால்தான். ஃபெவிகால் காய்ந்ததும் இரண்டு முனையிலும் நடுவிலும் மெல்லிய சூப்பர் க்ளூவை ஊசிமுனையளவு தொட்டுவிடுங்கள்.

புகைபோக்கிகள் ஒரே கோட்டில் இல்லை

முன்னிருந்து ஒற்றைக் கண்ணால் பார்த்து, பசை இறுகும் முன் சரிசெய்யுங்கள். மூன்றுதான் நிஜம். நான்காவதாக ஒன்று பெட்டியில் இருந்தால் அது கூடுதல் பாகம் இல்லை. பிரிட்டிஷ் குரூசர் யார்மத் போலத் தோன்ற எம்டன்காரர்கள் கட்டிய பொய்ப் புகைபோக்கி. 1914 அக்டோபர் 28 விடியலில் அதை வைத்துக்கொண்டுதான் பினாங்கு துறைமுகத்துக்குள் நுழைந்து ரஷ்யக் கப்பல் செம்சுக்கை மூழ்கடித்தார்கள். அதைக் கட்டுவதாக இருந்தால் கொஞ்சம் ஒழுங்கில்லாமல் இருந்தாலும் குற்றமில்லை.

கயிறுகள் தொய்கின்றன

நைலான் நூல் ஈரத்தை உறிஞ்சி நீளும், தொய்வதற்கு அதுதான் காரணம். ரெசின் வார்ப்புக் கட்டையைச் சூடாக்கி நூலாக இழுக்கவும் முடியாது. பழைய பிளாஸ்டிக் மாடலில் பாகங்களைத் தாங்கி வரும் சட்டத்தைத்தான் அப்படி இழுக்க வேண்டும். அப்படி இழுத்த நூல் தொய்ந்தால், பற்ற வைத்த ஊதுபத்தியின் கனலை அருகில் கொண்டுபோங்கள். தொடக் கூடாது, கிட்டே போனாலே முறுக்கிக்கொள்ளும். எலாஸ்டிக் நூல் என்றால் ஊதுபத்தியைக் கிட்டே காட்டாதீர்கள், அறுந்துவிடும். அதை இழுத்து ஒட்டியதே போதும்.

முடித்து வைத்த மாடலில் பூஞ்சணம், தூசி, பல்லி

பல்லிதான் மூன்றிலும் மோசம், ஒரு பாய்ச்சலில் பாய்மரம் போய்விடும். கண்ணாடிப் பெட்டி கட்டாயம் வேண்டும். தஞ்சாவூரில் நெட்டிக் கோபுரங்களுக்குக் கண்ணாடிப் பெட்டி செய்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் உள்ளளவு சொல்லிச் செய்துகொள்ளலாம். பெட்டியின் உள்நீளம் 200 மில்லிமீட்டருக்குக் குறையாமல் இருக்கட்டும். மரப் பீடமாக இருந்தால் அடிப்பக்கத்தையும் சேர்த்து வார்னிஷ் பூசுங்கள், பூஞ்சணம் அங்கிருந்துதான் ஏறும். பீடத்தில் திருகாணி முடுக்கும் முன் கப்பலின் அடியில் துளை போட்டுக்கொள்ளுங்கள். நேராக முடுக்கினால் ரெசின் பிளக்கும். உள்ளே சிலிக்கா ஜெல் ஒரு பொட்டலம், மழைக்காலம் தொடங்கும் முன் மாற்றிவிடுங்கள். மேற்கு வெயில் விழும் சன்னலோரம் மட்டும் வேண்டாம்.